அணியும் அரணும்: ஆங்கில வெள்ளிக் காசின் விளிம்பு

பழைய ஆங்கில வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பதில் நாட்டம் கொண்ட ஒருவர், கையில் ஒரு காசு வந்ததும் முதலில் அரசனுடைய முகத்தைப் பார்க்கிறார். பிறகு புரட்டிப் பின்புறத்துக் கேடயங்களையும் ஆண்டையும் பார்க்கிறார். அவ்விரண்டும் அதிகம் தேயாமல் இருந்தால் திருப்தியடைந்து விலை பேசத் தொடங்குகிறார். காசுக்கு மூன்றாவதாக ஒரு பக்கம் உண்டு என்பதும், ஆங்கில வெள்ளிக் காசைப் பொறுத்தவரை விளிம்பாகிய அந்த மூன்றாம் பக்கமே அதன் சரித்திரத்தின் பெரும்பகுதியைச் சுமந்து நிற்கிறது என்பதும், பல ஆண்டுப் பழக்கத்திற்குப் பின்னரே அவருக்குத் தெரிய வருகின்றன. எனக்கும் அவ்வாறுதான் தெரிய வந்தது. எந்தக் காசு அரியது, எது மலிவானது என்ற ஆராய்ச்சிக்கு நூல்கள் பல இருக்கின்றன. விளிம்பைப் பற்றி மட்டும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அந்த ஓர் இழையைப் பிடித்துக்கொண்டே இச்சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நடுப்பகுதியாகிய மெர்சியாவை ஆண்ட ஆஃபா என்னும் அரசன் வெளியிட்ட வெள்ளிப் பென்னியிலிருந்து இக்கதை தொடங்குகிறது. அகன்று மெலிந்த அந்தக் காசில் அவன் தன் உருவத்தைப் பொறித்ததோடு, தன் பட்டமகிஷி கினெத்ரித்தின் பெயராலும் காசு அடிப்பித்தான்; அக்காலத்து இங்கிலாந்தில் வேறெந்த அரசிக்கும் இக்கௌரவம் கிட்டவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள், அந்நாட்டு மக்களின் கையில் புழங்கிய காசு பெரும்பாலும் பென்னி ஒன்றே. ஒரு ராத்தல் வெள்ளியிலிருந்து 240 பென்னிகள் என்பது கணக்கு. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். இவற்றில் ஷில்லிங்கும் பவுனும் நெடுங்காலம் கணக்கேட்டில் வாழ்ந்த பெயர்களேயன்றிக் கையில் எடுத்துக் கொடுக்கத்தக்க காசுகள் அல்ல. வெள்ளி எடையின் பெயராகப் பிறந்த இந்தப் பவுன் என்னும் சொல், 1817-இல் ஒரு பவுன் மதிப்புள்ள தங்க நாணயம் வெளிவந்தபின் அந்நாணயத்தைக் குறித்து, கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்து, இன்று நம் வீட்டுப் பெண்கள் நகைக்கடையில் எட்டுக் கிராம் தங்கத்தைக் குறிக்க வழங்கும் சொல்லாக நிலைத்துவிட்டது என்பதை இங்கே நினைவு கூர்வது பொருத்தமாகும்.

ஒரு பென்னியின் மதிப்பு அதில் அடங்கிய வெள்ளியின் மதிப்பே என்ற நிலையில், அந்த வெள்ளியில் ஒரு கீற்றை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை முழுக் காசாகவே செலவழித்துவிட முடியுமானால், அதைச் செய்யத் துணியும் மனிதர்கள் எக்காலத்திலும் இருக்கத்தான் செய்வார்கள். அக்காலத்தில் காசு அடித்த முறையும் அதற்கு இடங்கொடுத்தது. கீழ் அச்சை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, அதன்மேல் வெள்ளித் தகட்டின் சிறு துண்டை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியால் ஓங்கி அடிப்பார்கள். அவ்வாறு பிறந்த காசு ஒருபோதும் முழு வட்டமாக இருந்ததில்லை. ஒருபுறம் எழுத்து முழுதும் விழுந்திருக்கும். மறுபுறம் பாதி எழுத்து தகட்டுக்கு வெளியே போயிருக்கும். பிறவியிலேயே கோணலான காசில் கத்தரி பட்ட கோணலை யார் கண்டுபிடிப்பது?

அரசர்கள் இதற்கு இரண்டு வழிகளை நாடினார்கள். ஒன்று காசின் அமைப்பை மாற்றுவது. 1247-இல் மூன்றாம் ஹென்றி, பென்னியின் பின்புறத்தில் இருந்த சிலுவையின் நான்கு கரங்களையும் காசின் ஓரம்வரை நீட்டுவித்தான். கரத்தின் நுனி தெரியாத காசு வெட்டப்பட்ட காசு என்று எழுத்தறியாத குடியானவனும் அறிந்துகொள்ளலாம் என்பது கருத்து. மற்றொன்று தண்டனை. 1124-இல் முதலாம் ஹென்றியின் ஆட்சியில், மட்டமான காசு அடித்தார்கள் என்ற குற்றத்திற்காக நாட்டின் காசடிப்போர் வின்செஸ்டர் நகருக்கு வரவழைக்கப்பட்டு வலக்கை வெட்டப்பட்டார்கள். முதலாம் எட்வர்டின் ஆட்சியில், 1278-ஆம் ஆண்டையடுத்து, காசை வெட்டிய குற்றம் யூதர்கள்மேல் பெருமளவில் சுமத்தப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டுப் பலர் தூக்கிலிடப்பட்டனர். 1290-இல் அந்த இனத்தாரே நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். கிறிஸ்தவர்களும் அதே குற்றத்தைச் செய்தார்கள். ஆனால் தண்டனையின் பாரம் சமமாக விழவில்லை. 1279-இல் வெளிவந்த எட்வர்டின் பென்னி அழகிய காசு. சேகரிப்பவர்களுக்கு எளிதில் கிடைப்பது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதற்கு முந்திய ஆண்டின் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

குடிகள் ஓரத்தில் வெட்டினார்கள் என்றால், எட்டாம் ஹென்றி உள்ளிருந்தே வெட்டினான். 1544 தொடங்கிச் சில ஆண்டுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி என்ற புராதனத் தரத்தைக் கைவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வெள்ளியும் மிச்சம் செம்புமான காசுகளை அவன் வெளியிட்டான். நேர்முகமாக அமைந்த அரசனுடைய உருவத்தில் மேடான மூக்குத்தான் முதலில் தேயும். தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து தோன்றவே, குடிகள் அவனுக்குச் செம்பு மூக்கன் என்று பெயரிட்டார்கள். அவன் மகள் எலிசபெத் அந்த மட்டக் காசுகளை 1560-61-இல் திரும்ப வாங்கி உருக்கிப் பழைய தரத்தை நிலைநாட்டினாள். அவள் காலத்து ஆறு பென்னிக் காசில் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ இருக்கும்; பின்புறத்தில் ஆண்டும் இருக்கும். ஆகையால் மிதமான பொருள் படைத்தவர் ஒருவர் ஆண்டு தெரிந்த பழங்காசு ஒன்றை வாங்க விரும்பினால், எலிசபெத்தின் ஆறு பென்னியைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

அவள் ஆட்சியிலேயே எலுவா மெஸ்த்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் திருகு யந்திரத்தால் வட்டம் பிசகாத காசுகளை லண்டன் கோபுரத்து அக்கசாலையில் அடித்துக் காட்டினார். சுத்தியை நம்பிப் பிழைத்த பணியாளர்களின் எதிர்ப்பு அவரைப் பதவியிழக்கச் செய்தது; பின்னர் கள்ளக்காசு அடித்த குற்றத்திற்காக 1578-இல் அவரே தூக்கிலிடப்பட்டார். யந்திரம் இங்கிலாந்தில் நிலைபெற மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இரண்டாம் சார்லஸின் ஆட்சியில், 1662-இல், பியர் பிளாண்டோ என்ற மற்றொரு பிரெஞ்சுப் பொறியாளர் கொண்டுவந்த முறையினால், காசின் விளிம்பிலேயே எழுத்துகளையும் வரிப்பள்ளங்களையும் பதிக்கும் வித்தை கைவந்தது. அந்த வித்தை இரகசியமாகக் காக்கப்பட்டது. விளிம்பு வேலை செய்தவர்கள் அதை வெளியிடுவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள கிரவுன் காசின் விளிம்பைச் சுற்றி டெக்கஸ் எட் டூட்டாமென் என்ற லத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டன. அணியும் அரணும் என்று தமிழில் சொல்லலாம். எழுத்தே அலங்காரம், எழுத்தே காவல். கத்தரி பட்டால் எழுத்து சிதையும். எழுத்து சிதைந்த காசை எவனும் வாங்கமாட்டான். ஐந்நூறு ஆண்டுகள் தூக்குமரம் செய்ய முடியாத காரியத்தை இந்த மெல்லிய எழுத்து வரிசை செய்தது.

ஆனால் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. புதிய காசு வந்ததே தவிரப் பழைய சுத்திக்காசு திரும்பப் பெறப்படவில்லை. இரண்டும் ஒரே மதிப்பில் கூடப் புழங்கின. விளைவை ஊகிப்பது கடினமன்று. முழு எடையுள்ள யந்திரக் காசைக் கண்டவர்கள் பெட்டியில் பூட்டினார்கள், அல்லது உருக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். கத்தரி பட்டுக் கத்தரி பட்டுச் சிறுத்துப்போன பழங்காசு கடைவீதியில் திரிந்தது. கருவூலச் செயலாளர் வில்லியம் லவுண்டஸ் 1695-இல் எழுதிய அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அவ்வாண்டு மே, ஜூன், ஜூலை மாதங்களில் கருவூலத்துக்கு வந்த, நூறு பவுன் கொண்ட 572 பைகளை நிறுத்துப் பார்த்தார்கள். சட்டப்படி அவை 2,21,418 அவுன்சு இருந்திருக்க வேண்டும். இருந்தது 1,13,771 அவுன்சு. நாட்டின் வெள்ளிப் பணத்தில் ஏறத்தாழப் பாதி கத்தரிக்கு இரையாகியிருந்தது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

இனி அடிக்கும் காசின் எடையைக் குறைத்துவிடலாம் என்றார் லவுண்டஸ். அரசன் வாக்குக் கொடுத்த எடையைக் குறைப்பது கடன் கொடுத்தவனைக் கொள்ளையடிப்பதாகும் என்று வாதித்தார் தத்துவ ஞானி ஜான் லாக். லாக்கின் கட்சியே வென்றது. 1696-இல் பழங்காசு முழுவதையும் உருக்கிப் பழைய எடையிலேயே மீண்டும் அடிப்பது என்று தீர்மானமாயிற்று. செலவுக்காக வீட்டு ஜன்னல்களுக்கு வரி விதித்தார்கள். அவ்வாண்டு வசந்த காலத்தில் அக்கசாலையின் காப்பாளராக நியமனம் பெற்று வந்தவர் ஐசக் நியூட்டன். கௌரவப் பதவியாக எண்ணி அவர் சும்மா இருந்திருக்கலாம். அவரோ இரவு பகலாக யந்திரங்களை இயங்கச் செய்ததோடு, கள்ளக்காசுக்காரர்களைத் தாமே பின்தொடர்ந்து சாட்சியங்களைத் திரட்டினார். அவர்களில் பிரசித்தனான வில்லியம் சலோனர் 1699-இல் தூக்கிலிடப்பட்டான். லண்டன் ஒன்றால் இயலாதென்று பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் என்னும் ஐந்து நகரங்களில் தற்காலிக அக்கசாலைகள் அமைக்கப்பட்டன. செஸ்டரில் மேற்பார்வைக்குச் சென்றவர்களில் வால்நட்சத்திரத்தால் பெயர் நிலைத்த எட்மண்ட் ஹாலியும் ஒருவர். லாக்கின் நேர்மையை நான் மதிக்கிறேன்; ஆயினும் பழங்காசை மாற்றிக்கொள்ள அவகாசமும் வழியும் இல்லாத ஏழைகள் 1696-ஆம் ஆண்டுக் கோடையில் கையில் காசின்றிப் பட்ட துன்பத்தை அவருடைய தர்க்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே சொல்வேன்.

அந்த ஆண்டின் ஷில்லிங் ஒன்று இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஆறு கிராம் எடை. நம் பழைய அரை ரூபாயைவிடச் சற்று அகலம். முன்புறத்தில் மூன்றாம் வில்லியமின் வளைந்த மூக்கும் தோள்வரை சுருண்ட முடியும். பின்புறத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்சு என்னும் நான்கின் கேடயங்கள் மகுடத்தோடு சிலுவை வடிவாக அமைந்திருக்க, நடுவில் வில்லியமின் குலச் சின்னமாகிய நாஸோ சிங்கம் ஒரு மிளகளவில் நிற்கிறது. மார்பளவு உருவத்தின் அடியில் கண்ணாடியின் துணைகொண்டு தேடினால் இ என்னும் ஆங்கில எழுத்து ஒன்று தெரியும். எக்ஸிட்டரில் பிறந்த காசு என்பதற்கு அதுவே சாசனம். எழுத்து இல்லாதது லண்டன் காசு. காசின் பரப்பில் ஈர மண்ணில் வைக்கோல் தாள் பதிந்தாற்போன்ற மெல்லிய கீற்றுகள் சில ஓடுகின்றன. புதிதாக இத்துறைக்கு வருகிறவர் இவற்றைக் கீறல் என்று ஒதுக்கிவிடுவார். உண்மையில் அவை தகடு உருட்டும்போதே வெள்ளியில் கலந்திருந்த கசடு விட்ட தடங்கள். அவசர அவசரமாக உருக்கி அடித்த அந்த ஆண்டுகளின் அடையாளம். பிறகு காசை இரண்டு விரல்களுக்கிடையே நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றினால், விளிம்பின் வரிப்பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்ந்து மறைகின்றன. இடையில் ஓரிடத்திலும் பழுது இல்லை. முந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ கைகள் மாறியும் ஒரு கத்தரியும் இதைத் தொடவில்லை.

இதே அரசனுடைய ஆறு பென்னிகளில் பல, இருபுறமும் மழுங்கத் தேய்ந்து, பாம்பு நெளிந்தாற்போல் இரண்டிடத்தில் வளைக்கப்பட்டுக் கிடைக்கின்றன. காதலர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட அடையாளங்கள் அவை. வளைத்தபின் கடையில் செல்லாது என்பதே அக்கொடையின் பொருள். வியாபாரிகள் இவற்றைச் சேதமான காசு என்று தனித் தட்டில் போட்டு வைப்பதுண்டு. நான் அவ்வாறு எண்ணுவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுக் காசுகளில், வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதையும் காசே சொல்லும். 1702-இல் ஸ்பெயின் நாட்டின் வீகோ விரிகுடாவில் கைப்பற்றிய வெள்ளியில் அடித்த காசில் ஆன் அரசியின் உருவத்தடியில் வீகோ என்று இருக்கும். 1745, 1746-ஆம் ஆண்டுக் காசுகளில் லீமா என்று இருக்கும். தென்கடல் கம்பெனியார் கொடுத்த வெள்ளிக்கு 1723-இல் அக்கம்பெனியின் முதலெழுத்துகள். ஆனால் அந்நூற்றாண்டில் வெள்ளிக் காசு வரவரக் குறைந்தது. 1717-இல் நியூட்டனின் அறிக்கையை ஒட்டித் தங்கக் கினியின் மதிப்பு 21 ஷில்லிங் என்று நிர்ணயிக்கப்பட்டபோது, தங்கத்துக்கு மதிப்பு சற்று மிகுந்தும் வெள்ளிக்குச் சற்றுக் குறைந்தும் அமைந்துவிட்டது. வெள்ளி மதிக்கப்பட்ட கிழக்கு நாடுகளை நோக்கி, முக்கியமாக இந்தியாவையும் சீனாவையும் நோக்கி, அது கப்பலேறிற்று. 1797-இல் வெள்ளிப் பஞ்சம் முற்றி, ஸ்பானிய டாலர்களின்மேல் மூன்றாம் ஜார்ஜின் தலையைச் சிறு முத்திரையாகக் குத்தி வெளியிடும் நிலை இங்கிலாந்து வங்கிக்கு வந்தது.

1816-இல் வந்த சட்டம் இந்த நெடுங்கதையை ஒருவாறு முடித்தது. ஒரு ராத்தலுக்கு 62 ஷில்லிங் என்று இருந்ததை 66 ஆக்கி, 40 ஷில்லிங்குக்கு மேற்பட்ட கடனுக்கு வெள்ளி செல்லாது என்று விதித்து, தங்கத்தையே தலைமையாக்கினார்கள். அன்றுமுதல் வெள்ளிக் காசின் மதிப்பு அதன் வெள்ளியைக் கடந்து நின்றது. அதை வெட்டுவதால் பெரிய லாபம் இல்லை. அரணாக இருந்த விளிம்பு அணியாக மட்டும் எஞ்சியது. ஆயினும் கிரவுன் காசுகள் பலவற்றில் அந்த லத்தீன் சொற்களையும் ஆட்சியாண்டையும் பொறித்துவந்தார்கள். சேகரிப்பவர்களுக்கு அது வேறொரு வகையில் பயன்படுகிறது. விக்டோரியாவின் ஆட்சியாண்டு ஜூன் மாதத்தில் மாறுவது. ஆகவே 1893-ஆம் ஆண்டுக் கிரவுனில் விளிம்பில் 56-ஆம் ஆட்சியாண்டு குறித்ததும் 57 குறித்ததுமாக இரண்டு வகை உண்டு. 1821-ஆம் ஆண்டு நான்காம் ஜார்ஜின் கிரவுனில் விளிம்பில் இரண்டாம் ஆட்சியாண்டு என்று இருப்பது வழக்கம். மூன்றாம் ஆண்டு என்று தவறாகப் பொறித்த மாதிரிக் காசு மிக அரியது. முகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே. 1920-இல் வெள்ளியின் விலையேற்றத்தால் தரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. யுத்த காலத்தில் அமெரிக்காவிடம் வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்தமையால் 1947-இல் புழக்கக் காசிலிருந்து வெள்ளி அடியோடு நீங்கியது.

இக்காசு வரிசையில் தமிழ் வழங்கும் நாட்டுக்காகவும் பிறந்த சிறு காசு ஒன்று உண்டு. இலங்கையில் டச்சுக்காரர் காலந்தொட்டு வழங்கிய ரிக்ஸ் டாலரின் மதிப்பை, 1825-இல் ஆங்கிலேயர் ஒன்றரை ஷில்லிங் என்று நிர்ணயித்தார்கள். ஒரு ரிக்ஸ் டாலருக்குப் பன்னிரண்டு பணம். ஆகவே ஒரு பணம் ஒன்றரைப் பென்னி ஆயிற்று. இங்கிலாந்தில் எவரும் கேளாத அந்த ஒன்றரைப் பென்னியை, இலங்கைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்குமாக, 1834 முதல் லண்டன் அக்கசாலை வெள்ளியில் அடித்து அனுப்பியது. ஒரு கிராமும் எடையில்லாத, சட்டைப் பொத்தானைப் போன்ற காசு. ஒருபுறம் நாலாம் வில்லியம் அல்லது விக்டோரியா. மறுபுறம் மகுடத்தின் கீழ் ஒன்றரை என்ற எண். யாழ்ப்பாணத்துச் சந்தையில் அதைப் பணம் என்று எண்ணிக் கொடுத்தவர்களுக்கு, ஆங்கிலப் பட்டியல்களில் பின்னாளில் அதற்கு என்ன பெயர் வரும் என்ற கவலை இருந்திருக்க நியாயமில்லை.

சேகரிப்பவருக்கு உரிய எச்சரிக்கைகள் பல. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கள்ளக்காசு பெரும்பாலும் விளிம்பில்தான் காட்டிக்கொடுக்கும். வார்த்தெடுத்த காசில் இரண்டு அச்சுகளும் சேர்ந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும். அதை அராவி மறைத்திருந்தால் வரிப்பள்ளங்கள் ஒழுங்கு கெட்டிருக்கும். பற்றவைத்து நகையாக அணிந்த காசிலும், நம் காசுமாலையில் கோத்த காசைப்போலவே, வளையம் இருந்த இடம் எத்தனை திறமையாகத் தேய்த்தாலும் விளிம்பில் வடுவாக நிற்கும். காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். விரலின் வியர்வை முகத்தில் படலாகாது. மலிவான பிளாஸ்டிக் உறைகளும், கருவாலி மரப்பெட்டியும் வெள்ளிக்கு ஆகா. இங்கிலாந்தில் பழைய சேகரிப்பாளர்கள் மஹாகனி மரத்தில் மெல்லிய தட்டுகள் செய்வித்து, தட்டில் குழிகள் கடைந்து, அவற்றில் வைத்தார்கள்.

எல்லாவற்றினும் பெரிய கேடு துலக்குதல். வெள்ளிக் குத்துவிளக்கையும் சந்தனக் கிண்ணத்தையும் திருநீறு இட்டுப் பளபளக்கத் துலக்குவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். அது பாத்திரத்துக்குத் தகும். காசின் மேல் படிந்த சாம்பலும் நீலமுமான கருமை, காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி பல தலைமுறைகளாகக் கலந்து உண்டான மெல்லிய போர்வை. அதைத் தேய்க்கும்போது வெள்ளியின் மேற்பரப்பும் கூடவே போகிறது, வீகோ, லீமா போன்ற சிற்றெழுத்துகளின் கூர்மையும் போகிறது, திரும்ப வருவதில்லை. ஒருமுறை துலக்கிய காசின் வெறும் வெண்மையைப் பழகிய கண் கணத்தில் கண்டுகொள்ளும். அதன் விலை பாதியாகவும் அதற்குக் கீழும் இறங்கும். இளமையில் நான் வாங்கிய முதல் அரைக் கிரவுனை, நன்மை செய்வதாக எண்ணிப் புளி இட்டுத் தேய்த்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அரசனுடைய முகத்தில் உயிர் இல்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ பினாங்கிலோ கப்பலிலோ வேலை பார்த்த பாட்டனார் ஒருவரின் பெட்டியில் இத்தகைய காசு ஏதேனும் அகப்பட்டால், அதைக் கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், தட்டானிடம் கொடுத்து வளையம் வைக்க வேண்டாம். மெல்லிய துணியில் விளிம்பைப் பிடித்து எடுத்து, எடை பார்த்து, விளிம்பைச் சுழற்றிப் பார்த்து, அங்கே எழுத்து ஏதேனும் இருந்தால் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, காசை உள்ளபடியே வைத்துவிடுங்கள்.